இருபத்தைந்து ஊசியும் என் பாடும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்றால் கெட்டுப்போன கம்ப்யூட்டரைச் சரிசெய்வது என்று நம்பித்தான் நானும் அந்த வேலையில் சேர்ந்தேன். நன்றாக இருக்கிற கம்ப்யூட்டரையும் நன்றாக இருக்கிற பிரிண்டரையும் ஒன்றோடொன்று சேர்த்துவைக்க முடியாமல் திண்டாடுவதற்குப் பெயர்தான் அந்த வேலை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. திருச்சி தில்லை நகரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். மேனேஜர் ஒருவர், காஜா பாய் ஒருவர், அப்புறம் ஸ்டெல்லா என்கிற நான். பாலக்கரையில் வீடு, அப்பா ரயில்வேயில், கையில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. காஜா பாய் ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து வந்தவர். எந்த ஒயரையும் எதோடும் ஈயம் வைத்துப் பற்றவைத்துவிடுவார்.

அந்த நாளில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு கனெக்டர் வைத்திருந்தது. ஒருவன் இருபத்தைந்து ஊசி வைப்பான். ஒருவன் முப்பத்தாறு தகடு வைப்பான். இன்னொருவன் கைவளை மாதிரி வட்டமாக ஒன்று வைத்து, அதற்குச் சேரும் கேபிளை மட்டும் அனுப்ப மாட்டான். மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு ஊசிகளை எண்ணிய பாக்கியம் உங்களுக்கும் உண்டா? அப்படியானால் இது நம் இருவருடைய புலம்பலும்தான்.

இப்ப முட்டலங்க

மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி ஆலை. கம்ப்யூட்டர் எங்களுடையது, பிரிண்டர் வேறு கம்பெனியுடையது. பிரிண்டர்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன கேபிளின் முனையில் ஊசிகள். எங்கள் கம்ப்யூட்டரில் அதைச் செருக வேண்டிய இடத்திலும் ஊசிகள். நான் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஊசியா இருக்கு, சேராதுங்க. வேற கேபிள் செஞ்சு எடுத்துட்டு நாளைக்கு வரேன், யாரும் கை வைக்காதீங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காஜா பாய் செய்துகொடுத்த புதுக் கேபிளோடு போனால், பிரிண்டர் ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கிறது. இணைப்பைச் சுற்றிக் கறுப்பு டேப் தடிமனாக ஒட்டியிருக்கிறது. ஆலையின் மெக்கானிக் தங்கவேலு பக்கத்தில் கைகட்டி நிற்கிறார். நெல் உமியும் பழைய பெல்ட்டும் மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர். கம்ப்யூட்டர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். டேப்பைப் பிரித்தேன். கம்ப்யூட்டர் பக்கத்து ஊசிகள் இருபத்தைந்தும் அடியோடு இல்லை. கட்டிங் பிளேயரால் மொழுமொழுவென்று வெட்டியிருக்கிறார்.

அந்தக் கனெக்டரை மாற்ற வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற போர்டையே கழற்றி மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று நான் கேட்டது அழுகை மாதிரிதான் வந்திருக்கும். தங்கவேலு கொஞ்சமும் கலங்கவில்லை. எனக்கு ஒரு நடை மிச்சப்படுத்திய நிறைவுதான் அவர் முகத்தில் இருந்தது.

"ஊசியும் ஊசியும் முட்டுதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க, ஒரு பக்கத்த வெட்டிட்டேன், இப்ப முட்டலங்க பாருங்க."

தந்தி

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ரங்கராஜன் சார் என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருந்தார். பஞ்சாங்கம் கணிப்பவர். திதியும் நட்சத்திரமும் எத்தனை நாழிகை என்று வருஷம் முழுக்கக் கையால் போட்டு அலுத்துப்போய், தானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, மகன் வாங்கித் தந்த, டி.வி.யோடு இணைத்துப் பார்க்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தார். கணக்கு முடிந்துவிட்டது. அச்சகத்துக்குக் கொடுக்கப் பதினைந்து நாள்தான் இருந்தது. விடை முழுவதும் கம்ப்யூட்டருக்குள் இருந்தது, வெளியே வர வழியில்லை. எங்களிடம் பிரிண்டர் வாங்கினார். வழக்கம்போல இரண்டு பக்கமும் ஊசி. ஓட்டை உள்ள கனெக்டர் ஒன்று வேண்டும். அது திருச்சியில் எந்தக் கடையிலும் கிடையாது.

ஊசி உள்ளதற்கு ஆண் என்றும் ஓட்டை உள்ளதற்குப் பெண் என்றும் எங்கள் தொழிலில் பெயர். யார் வைத்த பெயரோ, அவனுக்குத் தெருவில் நின்று அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டிய அவசியம் வந்திருக்காது. அன்றைக்கு மெட்ராசுக்கு டிரங்க் கால் கிடைக்கவில்லை. நானும் ரங்கராஜன் சாரும் ஸ்ரீரங்கத்தில் ஒரு தபாலாபீசுக்குப் போனோம். ஆங்கிலத்தில் தந்தி எழுதிக் கொடுத்தேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "பெண் இருபத்தைந்து உடனே அனுப்பவும். ஆண் இரண்டு கைவசம். ஸ்டெல்லா, ஸ்ரீரங்கம்."

கவுண்டரில் இருந்தவர் நெற்றி நிறையத் திருமண் இட்டிருந்த பெரியவர். பென்சிலால் வார்த்தைகளை எண்ணிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற ரங்கராஜன் சாரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அது கம்ப்யூட்டர் சாமான் என்று நான் விளக்க விளக்க வரிசையில் நின்றவர்களெல்லாம் கிட்டே வந்து கேட்க ஆரம்பித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பெரியவர் கையமர்த்தி, மிகுந்த அக்கறையோடு சொன்னார்:

"வயசு மட்டும் போட்டா ஆச்சாம்மா, கோத்திரமும் நட்சத்திரமும் சேத்துக்கோ, ரெண்டு வார்த்தைதானே கூட ஆறது."

பார்சல்

நான்காம் நாள் மெட்ராசிலிருந்து பார்சல் வந்தது. ஒரு சின்னக் கனெக்டருக்கு எதற்கு இவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி என்று திறந்தால், உள்ளே இருபத்தைந்து கனெக்டர்கள். என் தந்தியில் இருந்த இருபத்தைந்தை எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும், ஒன்று போதுமே என்று கையில் எடுத்தேன். பதினைந்து ஓட்டைதான் இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் பதினைந்து. இருபத்தைந்தும் பதினைந்துதான்.

ரங்கராஜன் சார் அதற்குள் மனம் விட்டுப்போய், டி.வி. திரையைப் பார்த்துப் பார்த்து விடைகளை நோட்டில் கையால் எழுத ஆரம்பித்திருந்தார். ஆடி வரைக்கும் வந்துவிட்டார். விரல் வீங்கியிருந்தது. அதைப் பார்த்த காஜா பாய், "கனெக்டரே வேணாம்மா, நேரா வச்சிருவோம்" என்று கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். கேபிளின் முனையை வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு ஒயராகக் கம்ப்யூட்டரின் ஊசிகளிலேயே பற்றவைத்தார். மத்தியானம் தொடங்கியது சாயங்காலம் முடிந்தது. இனி அந்தப் பிரிண்டரைப் பிரிக்க வேண்டுமென்றால் கத்தரிக்கோல்தான் வேண்டும். ஆனாலும் பேப்பர் வந்தது. சித்திரை ஒன்றாம் தேதி கரகரவென்று அச்சாகி வெளியே வந்தபோது ரங்கராஜன் சார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம், தரையில் சிதறிக்கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நவக்கிரகமும் ஒரு கணக்குக்கு அடங்கி நடக்கறது, இந்த இருபத்தஞ்சு ஊசி அடங்க மாட்டேங்கறதே, ரங்கா!"

எங்க பக்கம் சரி

துவாக்குடி பக்கம் ஒரு தொழிற்கூடம். கம்ப்யூட்டர் ஒரு கம்பெனி, பிரிண்டர் ஒரு கம்பெனி, நடுவில் இரண்டுக்கும் மொழிபெயர்க்கிற டப்பா ஒன்று எங்களுடையது. ஒரு நாள் காலை பிரிண்டர் நின்றுவிட்டது. சரக்கு ஏற்றிய மூன்று லாரிகள் வாசலில் நிற்கின்றன. எந்தப் பெட்டியில் எந்தப் பாகம் என்ற பட்டியல் அச்சாகாமல் அவை நகர முடியாது. ஸ்டோர்ஸ் ஆபீசர் வரதராஜன் மூன்று கம்பெனிக்கும் போன் போட்டார்.

வாசல் காவலாளி என்னை நிறுத்தி, "என்ஜினியர் எப்ப வருவாரு?" என்று கேட்டார். "வந்தாச்சு" என்றேன். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லாததால் மனசில்லாமல் கதவைத் திறந்தார். உள்ளே மற்ற இரண்டு கம்பெனி ஆட்களும் ஏற்கெனவே சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர்காரர் தன் சோதனைக் கனெக்டரைத் தன் பெட்டியிலேயே மாட்டி, "எங்க பக்கம் சரி" என்றார். பிரிண்டர்காரர் ஒரு பட்டனை அழுத்திப் பிரிண்டரைத் தானாகவே அச்சடிக்க வைத்து, "எங்க பக்கம் சரி" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் என் டப்பாவில் விளக்கு எரிவதைக் காட்டி அதையே சொன்னேன். பிறகு மூன்று பேரும் ஐந்தாம் ஊசியில் யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்று சண்டை போட்டோம். அவரவர் கம்பெனிப் புத்தகத்தில் அவரவர் சொன்னதுதான் அச்சாகியிருந்தது. இரண்டு மணி நேரம் போயிற்று. லாரி டிரைவர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

கடைசியில், முந்தின நாள் பெருக்கும்போது ஒரு கேபிள் கழன்றதும், யாரோ அதை அடுத்திருந்த சாக்கெட்டில் மாட்டிவிட்டுப் போனதும் தெரிந்தது. இரண்டு சாக்கெட்டும் ஒரே மாதிரி இருந்தன. ஒன்றில் வேலை, ஒன்றில் வெறும் அலங்காரம். மாற்றி மாட்டியதும் பட்டியல் வந்தது. லாரிகள் போயின. நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பையைக் கட்டினோம். வரதராஜன் எங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"மூணு பேரு பக்கமும் சரியா இருக்கறப்பவே ரெண்டு மணி நேரம்னா, தப்பா இருந்திருந்தா எனக்கு ரிட்டையர்மெண்டே வந்திருக்கும் போல."

அண்ணனும் தம்பியும்

காந்தி மார்க்கெட்டில் ஒரு வெங்காய மண்டி. அப்பா இறந்த பிறகு நடுவில் சுவர் எழுப்பி அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் வியாபாரம் செய்தார்கள். கிடங்கு மட்டும் பொது. இருவரும் பேசி நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. எந்த லாரி வருகிறது, கிடங்கில் எங்கே இறக்குவது என்பதையெல்லாம் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தபோது சேதி போகாமல், ஒரு லோடு வெங்காயம் மழையில் நனைந்து அழுகிப்போனது. அதற்கப்புறம்தான் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அண்ணன் வாங்கிய கம்பெனியில் வாங்கமாட்டேன் என்று தம்பி வேறு கம்பெனியில் வாங்கினார். இரண்டையும் சுவரில் ஒரு துளை போட்டு இணைத்துத் தர வேண்டியது என் தலையெழுத்து.

இணைத்தேன். பேசவில்லை. இருபத்தைந்து ஊசி இருந்தாலும் பேச்சு வார்த்தையெல்லாம் இரண்டிலும் மூன்றிலும்தான். ஒன்றில் பேச வேண்டும், மற்றதில் கேட்க வேண்டும். இங்கே இரண்டு மெஷினும் இரண்டாம் ஊசியில்தான் பேசும், மூன்றில்தான் கேட்கும். ஒரே ஒயரில் இருவரும் கத்துகிறார்கள், இன்னொரு ஒயரில் இருவரும் காதை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். கேபிளுக்குள் இரண்டையும் மூன்றையும் மாற்றிப் போட்டேன். அப்போதும் வரவில்லை. வேறு எந்த ஊசியோ முரண்டு பிடிக்கிறது. எதுவென்று கண்டுபிடிக்க, நான் சொல்கிற ஊசியைத் தம்பி பக்கம் ஒருவர் தொட, அண்ணன் பக்கம் என் சோதனை விளக்கு எரிகிறதா என்று நான் பார்க்க வேண்டும். மூட்டை தூக்கும் பெரியவர்தான் நடந்தார். நான் ஆறு என்று சொல்லியனுப்பினால் அவர் போய்ச் சேர்வதற்குள் வழியில் யாராவது வெங்காயம் கேட்பார்கள், ஆறு எட்டாகிவிடும். பத்து மணிக்குத் தொடங்கியது பன்னிரண்டாகியும் முடியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர். வெங்காயமும் காரணம்தான்.

கடைசியில் தம்பி பொறுமையிழந்து, சுவர்த் துளையில் வாயை வைத்துக் கத்தினார்: "அண்ணே, இருபதுல கை வச்சிருக்கேன், அங்க ஏதாச்சும் எரியுதா?" மண்டியில் தராசு போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எரியுதுடா" என்றார். அதற்கப்புறம் இருவருமாகவே ஊசி ஊசியாகக் கேட்டுச் சொல்லி அரைமணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார்கள். நான் சும்மாதான் நின்றேன். கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்தார். கோபமா, வேறெதுவுமா என்று எனக்குப் பிடிபடாத ஒரு குரலில் சொன்னார்:

"பேசாம இருக்கறதுக்குத்தானேம்மா இத வாங்கினோம், இப்படி எங்களப் பேச வச்சுட்டுப் போறியே."

உள்ளே போயிற்று

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சம்தான். ஒரு பெண்கள் கல்லூரி. தேர்வுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் லூர்து. ரிசல்ட் திங்கட்கிழமை. மாணவிகளின் மார்க்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, அச்சடிப்பதுதான் பாக்கி. அந்த வியாழக்கிழமை அவர்களுடைய பிரிண்டர் உட்கார்ந்துவிட்டது. எங்களிடமிருந்து வேறு கம்பெனிப் பிரிண்டர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். பிரிண்டரில் இருபத்தைந்து ஓட்டை. கம்ப்யூட்டரிலும் இருபத்தைந்து ஓட்டை. என் பையில் இரண்டு முனையிலும் ஊசி உள்ள கேபிள். வேலையில் சேர்ந்து அத்தனை காலத்தில் முதல் தடவையாக எல்லாமே அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. ஆனந்தத்தில் நான் எதையும் படித்துப் பார்க்கவில்லை. செருகினேன். திருகாணியைக்கூட முடுக்கினேன். சுவிட்சைப் போட்டேன்.

முதலில் வாசனைதான் வந்தது. பிறகு சத்தமே இல்லாமல் பிரிண்டர் ஓய்ந்தது. கம்ப்யூட்டர் எட்டு ஒயரில் ஒரே சமயத்தில் குறைந்த மின்னழுத்தத்தில் பேசுகிற ரகம். பிரிண்டர் ஒரே ஒயரில் அதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் பேசுகிற ரகம். இரண்டுக்கும் ஒரே சாக்கெட்டை வைத்தவன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் எழுத முடியாது. கம்ப்யூட்டருக்குள்ளே பிரிண்டரோடு பேசுகிற சிப் கருகிப்போயிருந்தது. மாற்றுச் சிப் வர ஒரு வாரம். மார்க் பத்திரமாக இருந்தது, ஆனால் திரையில் மட்டும்தான்.

சிஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு டைப்பிஸ்ட்டுகளைக் கூப்பிட்டார். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் நான் திரையைப் பார்த்து ஒவ்வொரு மாணவியின் மார்க்கையும் வாய்விட்டு வாசித்தேன், அவர்கள் நகலெடுக்கிற ஸ்டென்சில் தாளில் தட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட நான் போகவில்லை. எனக்குத் தொண்டை கட்டிப்போனதால், கடைசி வகுப்பை சிஸ்டர்தான் வாசித்தார். ரிசல்ட் திங்கட்கிழமை வந்துவிட்டது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் போகிறவள் மாதிரி நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். குரல் வெளியே வரவில்லை. சிஸ்டர் அந்தக் கேபிளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேரக் கூடாதது இவ்வளவு அழகா உள்ள போகும்னா, பாவசங்கீர்த்தனம் பண்ண வேண்டியது நீ இல்ல ஸ்டெல்லா, இதச் செஞ்சவன்."

புது மாடல்

எல்லாவற்றுக்கும் விடிவு வந்துவிட்டதென்று ஒரு நாள் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். இனிமேல் எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி வைக்கப்போகிறார்களாம், மெட்ராசிலிருந்து கடிதமே வந்திருக்கிறதாம். காஜா பாய் அதை நம்பி, இருபத்தைந்து ஊசிக் கேபிள் ஒரு பெட்டி நிறையச் செய்து, அலமாரியில் அடுக்கி வைத்தார். அவர் விரல் நுனியெல்லாம் ஈயச் சூட்டில் காய்த்துப்போயிருந்தது.

புது மாடல் வந்து இறங்கியது. மூவரும் சுற்றி நின்று பெட்டியைப் பிரித்தோம். நான் குனிந்து எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் நான்கு, ஒன்பதேதான். மேனேஜர் கடிதத்தைத் தேடிப் போனார். காஜா பாய் அலமாரியில் அடுக்கியிருந்த தன் கேபிள்களைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"யா அல்லா, ஒம்போதே போதும்னா மத்த பதினாறுக்கும் நான் எதுக்கும்மா இத்தன வருஷமா பத்தவச்சுக்கிட்டு இருந்தேன்?"

எத்தனையோ வருஷம் கம்ப்யூட்டர் பார்த்தவள் என்று வீட்டில் இன்றைக்கும் என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்துகிறார்கள், ஆனால் உள்ளதைச் சொன்னால் நான் பார்த்ததெல்லாம் அதன் முதுகைத்தான்.